ஐந்திருக்கைக் காரில் பந்தய எஞ்சின்: ஒலியும் ஓட்டுணர்வும் மாறிய வரலாறு

சொகுசுக் கார் பிறந்த காலத்தில் அதன் முதல் இலக்கணம் அமைதியே. 1907-இல் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் தன் ஆறு சிலிண்டர் 40/50 குதிரைத்திறன் கார்களில் ஒன்றுக்கு வெள்ளி வண்ணம் பூசி, ‘சில்வர் கோஸ்ட்’ என்று பெயர் சூட்டி ஊர் ஊராக ஓட்டிக் காட்டியபோது, அரவமின்றி வந்து அரவமின்றிப் போகும் வண்டி என்பதையே தன் பெருமையாக முன்வைத்தது. அரை நூற்றாண்டு கழித்து 1958-இல் டேவிட் ஓகில்வி அதே நிறுவனத்துக்கு எழுதிய விளம்பரமும், மணிக்கு 60 மைல் வேகத்தில் காருக்குள் கேட்கும் மிகப் பெரிய சத்தம் மின்கடிகாரத்தின் சத்தம்தான் என்று சொல்லியே புகழ்பெற்றது. இம்மரபில் ஒலி என்பது குறைபாட்டின் அறிகுறி. பற்சக்கரம் சரியாகப் பொருந்தாவிட்டால் முனகும், கிராங்க் ஷாஃப்ட் சமன்படாவிட்டால் அதிரும், எரிந்த வாயு கட்டுப்பாடின்றி வெளியேறினால் அலறும் என்பதால், ஒலியை ஒடுக்குவதே நல்ல பொறியாளரின் வேலை என்று அக்கால இங்கிலாந்தின் ராய்ஸும் லான்செஸ்டரும் கருதினர்.

அப்படியிருக்க, நான்கு கதவும் தோல் இருக்கையும் கொண்ட விலையுயர்ந்த காரில் எஞ்சினின் சத்தம் எவ்வாறு வாங்குவோர் விரும்பிக் கேட்கும் பண்பாயிற்று, பின்னர் எவ்வாறு அது ஒலிபெருக்கி வழியே ஊட்டப்பட வேண்டிய பொருளாயிற்று என்பது தனியே ஆராயத்தக்க கேள்வி. அதற்கு விடை தேட, மியூனிக் நகரின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1985 முதல் ஏழு தலைமுறைகளாகச் செய்துவரும் எம்5 காரைவிடப் பொருத்தமான சான்று அரிது. ஆறு சிலிண்டர், எட்டு, பத்து, மறுபடியும் எட்டு, அதனோடு மின்மோட்டார் என்று அந்த ஒரே பெயருக்குள் எஞ்சின் மாறிக்கொண்டே வந்ததால், மாற்றத்தின் ஒவ்வொரு படியும் அதில் தெளிவாகப் பதிந்திருக்கிறது.

எஞ்சின் ஒலியின் அடிப்படை எளிய கணக்கு. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒருமுறை எரிகிறது. ஆகவே ஆறு சிலிண்டர் எஞ்சினில் சுற்றுக்கு மூன்று எரிப்புகள் நிகழ்கின்றன, நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது அது நொடிக்கு 300 துடிப்பாகிறது, அதாவது 300 ஹெர்ட்ஸ் சுருதி. அதே வேகத்தில் நான்கு சிலிண்டர் 200 ஹெர்ட்ஸிலும் எட்டு சிலிண்டர் 400 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கும். ஆனால் காது அடிப்படைச் சுருதியை மட்டும் கேட்பதில்லை. அதன்மேல் ஏறும் மடங்கு அதிர்வுகளும், எரிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி சமமா இல்லையா என்பதும்தான் ஒலிக்கு நிறம் தருகின்றன. வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர்களில் பிஸ்டன்களின் முதல்நிலை, இரண்டாம்நிலை விசைகள் ஒன்றையொன்று முற்றிலும் சமன்செய்துகொள்வதால் அதன் குரல் வழுவழுப்பாக எழுகிறது. நான்கு சிலிண்டரில் அச்சமன்பாடு நிறைவுறாமல், எஞ்சின் வேகத்தின் இரு மடங்கில் ஓர் அதிர்வு மிஞ்சிவிடுகிறது. வி8 எஞ்சின்களில் பெரும்பாலானவற்றின் கிராங்க் ஷாஃப்ட் குறுக்குச் சிலுவை வடிவில் அமைவதால், மொத்தத்தில் எரிப்புகள் சீராக நிகழ்ந்தாலும் ஒரு பக்கத்துக் குழாய்க்குள் வாயுத் துடிப்புகள் முன்னும் பின்னுமாக ஒழுங்கற்று விழுகின்றன. அமெரிக்கக் கார்களுக்கு உரியதென்று பலரும் அடையாளம் காணும் அந்தக் குமுறல் அங்கிருந்துதான் வருகிறது.

வேகமும் வசதியும் ஒரே உடலில் சேர்ந்த கார் போருக்குப் பிந்திய ஐரோப்பாவில்தான் ஒரு வகையாக உருப்பெற்றது. 1950-இல் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ, ஓராசியோ சாட்டா புலிகா வடிவமைத்த 1900 காரை, பந்தயங்களில் வெல்லும் குடும்பக் கார் என்று சொல்லி விற்றது. இங்கிலாந்தில் ஜாகுவார் நிறுவனம், 1948-இல் தன் விளையாட்டுக் காரில் அறிமுகப்படுத்திய இரட்டைக் கேம் ஷாஃப்ட் ஆறு சிலிண்டர் எஞ்சினை அளவான செடான் உடலில் பொருத்தி, 3.8 லிட்டர் வரையிலான மார்க் 2 காரை 1959-இல் வெளியிட்டது. நெடுஞ்சாலைக் காவலரும் வங்கிக் கொள்ளையரும் அதையே தேடி வாங்கினர் என்பது அந்நாட்டில் இன்றும் சொல்லப்படும் செய்தி. ஆயினும் ஜாகுவார் அந்தப் பாதையில் நீடிக்கவில்லை. பாப் நைட் என்ற பொறியாளர் சஸ்பென்ஷனையும் எஞ்சினையும் உடலிலிருந்து ரப்பரால் பிரித்து வைக்கும் கலையில் தேர்ந்தவர். அவர் கைவண்ணத்தில் 1968-இல் வந்த எக்ஸ்.ஜே.6, சாலையின் சத்தத்தையும் எஞ்சினின் சத்தத்தையும் ஒருசேர வெளியே நிறுத்தியது. ஆங்கிலேயச் சொகுசு மீண்டும் அமைதிக்கே திரும்பியது.

அதே 1968-இல் மியூனிக்கில் நேர்ந்தது வேறு. 1959 டிசம்பரில் டைம்லர்-பென்ஸுக்கு விற்கப்படும் நிலையில் இருந்து ஹெர்பர்ட் குவாண்ட் என்ற முதலீட்டாளரால் தப்பிய பி.எம்.டபிள்யூ., 1961-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைத்த 1500 என்ற நடுத்தர செடான் காரால் எழுந்து நின்றது. அக்காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினை உருவாக்கியவர் பந்தய ஓட்டுநருமான அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹவுசன். அதன் நீட்சியாக ஆறு சிலிண்டர்களை வரிசையில் நிறுத்திய பெரிய எஞ்சின் 1968-இல் 2500, 2800 கார்களில் வந்தது. மெர்சிடிஸோடு வசதியில் போட்டியிட முடியாத சிறிய நிறுவனத்துக்கு, பின்னிருக்கையில் அமர்பவரை விட்டு முன்னிருக்கையில் ஓட்டுபவரைக் குறிவைப்பதே பிழைக்கும் வழியாயிற்று. இம்முடிவு அழகியலைவிட வணிகத்தில் வேர்கொண்டது என்பதை அந்நிறுவனத்தைப் போற்றி எழுதுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

1972-இல் இரண்டு நிகழ்வுகள் சேர்ந்தன. அவ்வாண்டு 5 வரிசை என்ற நடுத்தரச் சொகுசுக் கார் வெளிவந்தது. ஃபோர்டிலிருந்து வந்த யோகன் நீர்பாஷ் தலைமையில் பி.எம்.டபிள்யூ. மோட்டார்ஸ்போர்ட் என்ற தனி நிறுவனமும் தொடங்கியது. பந்தயத்துக்காக அப்பிரிவு சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வீதம் இருபத்துநான்கு வால்வுகளோடு செய்த ஆறு சிலிண்டர் எஞ்சின், பொறியாளர் பால் ரோஷேயின் கையில் 3,453 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 277 குதிரைத்திறனும் பெற்று, 1978-இல் எம்1 என்ற இருவர் அமரும் விளையாட்டுக் காரில் இருக்கைகளுக்குப் பின்னால் அமர்ந்தது. அந்தக் கார் சுமார் 450 எண்ணிக்கையோடு நின்றுபோயிற்று. எஞ்சினை வீணாக்க மனமின்றி அதைத் திருத்தி 286 குதிரைத்திறனுக்கு உயர்த்தி, 5 வரிசையின் இரண்டாம் தலைமுறை உடலுக்குள் வைத்து, 1985 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் எம்5 என்று காட்டினர். வெளித்தோற்றத்தில் அலுவலகம் செல்லும் வக்கீலின் கார். மணிக்கு 245 கிலோமீட்டர் ஓடும். எடை சுமார் 1,430 கிலோகிராம். மோட்டார்ஸ்போர்ட் பிரிவின் தொழிலாளர் கையால் பொருத்திய அவ்வண்டிகள் இரண்டாயிரத்துச் சொச்சம் மட்டுமே.

இந்த எஞ்சினின் ஒலி ஏன் நினைவில் நிற்கிறது என்பதற்கு விடை அதன் மூச்சுப்பாதையில் இருக்கிறது. சாதாரணக் காரில் எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவாக ஒரே த்ராட்டில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அளவுக்குத் திறந்து காற்றை விடும் தகட்டுக் கதவு இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள பெரிய காற்றறையிலிருந்து ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை உறிஞ்சும். பந்தய எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் கதவு, அதுவும் வால்வுக்கு வெகு அருகில். இடையில் நிரம்பவேண்டிய வெற்றிடம் சிறிது என்பதால் கால் அசைந்த கணமே எஞ்சின் விடையளிக்கிறது. அவ்வாறு அமைத்ததன் நோக்கமும் அதுதான். ஒலி அதன் துணை விளைவு. வால்வு திறந்து மூடும்போது காற்றில் எழும் அழுத்த அலைகள் கதவு மூடியிருக்கையில் உள்ளேயே தடுக்கப்படுகின்றன. கதவு திறக்கத் திறக்க அவை உறிஞ்சுகுழாயின் வாய்வரை வந்து ஒலிக்கின்றன. எனவே 4,000 சுற்றில் காலை லேசாக வைத்தால் கேட்கும் ஒலி வேறு, அதே 4,000 சுற்றில் அடிவரை அழுத்தினால் கேட்கும் ஒலி வேறு. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதோடு, அது எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பதையும் ஓட்டுபவர் முள்ளைப் பார்க்காமல் காதால் அறிகிறார். இக்கட்டுரை சொல்லவரும் செய்தியின் மையம் இதுவே: அக்காலத்து ஒலி அலங்காரமாக வரவில்லை, காலுக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓடிய ஒரு தகவல் வழியாக வந்தது, பின்வந்த நாற்பது ஆண்டுகளில் அத்தகவல் படிப்படியாக அறுந்து, ஒலி மட்டும் தனித்து நின்றது.

1988-இல் வந்த இரண்டாம் எம்5, 3.6 லிட்டரில் 315 குதிரைத்திறனும், பின்னர் 3.8 லிட்டரில் 340 குதிரைத்திறனும் பெற்று, இந்த ஆறு சிலிண்டர் மரபை அதன் எல்லைவரை கொண்டுசென்றது. அதே காலத்தில் பிறர் வேறு குரல்களை வளர்த்தனர். மெர்சிடிஸில் எரிக் வாக்ஸன்பெர்கர், அரசுத் தலைவர்கள் பயணித்த 600 காரின் 6.3 லிட்டர் வி8 எஞ்சினைச் சற்றே சிறிய உடலில் திணித்து 1968-இலேயே 300 எஸ்.இ.எல். 6.3 என்ற காரைச் செய்திருந்தார். அதை மேலும் பெருக்கி ஏ.எம்.ஜி. என்ற சிறு பட்டறை 1971-இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணிநேரப் பந்தயத்தில் ஓட்டி ஒட்டுமொத்தத்தில் இரண்டாமிடம் பிடித்தது. சிவப்பு வண்ணத்தில் பந்தயத்தடத்தில் உருண்ட அந்தப் பெரிய சொகுசுக் காருக்கு ரசிகர்கள் ‘சிவப்புப் பன்றி’ என்றே பெயரிட்டனர். இத்தாலியில் ஜூசெப்பே புஸ்ஸோ வடிவமைத்த வி6 எஞ்சின் 1979-இல் ஆல்ஃபா 6 என்ற பெரிய செடான் காரில் அறிமுகமாகி, 1987-இன் 164 காரில் முதிர்ந்து, அது தயாரான ஆரேசே ஊரின் பெயரால் ‘ஆரேசேயின் வயலின்’ என்று கொண்டாடப்பட்டது. 2005 டிசம்பர் முடிவில் அதன் உற்பத்தி நின்றது. சில நாள்களில், 2006 ஜனவரி 3 அன்று, புஸ்ஸோவும் காலமானார்.

ஒலியின் மீதான நெருக்குதல் இரண்டு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று சந்தை. 1989-இல் டொயோட்டா, இசிரோ சுசுகியின் தலைமையில் உருவான லெக்ஸஸ் எல்.எஸ். 400 காரை அமெரிக்காவில் இறக்கியபோது, அதன் வி8 எஞ்சின் ஓடுகிறதா நிற்கிறதா என்று ஐயுறும் அளவுக்கு அமைதியாக இருந்தது. பாதி வேகத்தில்கூட உறுமுவது ஜெர்மானியக் காரின் குணம் என்று இனியும் சொல்லித் தப்பிக்க முடியாமல் போயிற்று. மற்றொன்று சட்டம். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970-இல் பிறப்பித்த ஆணை பயணிகள் காரின் வெளிச்சத்தத்துக்கு 82 டெசிபல் என்று வரம்பு விதித்தது. அது பின்னர் 80, 77 என்று இறங்கி 1990-களின் நடுவில் 74 ஆயிற்று. சோதனை முறையும் கவனிக்கத்தக்கது: கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, குறித்த கோட்டைத் தொட்டதும் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி 20 மீட்டர் ஓட, இருபுறமும் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தொலைவில் நிற்கும் ஒலிவாங்கிகள் அளக்கும். டெசிபல் மடக்கை அளவு என்பதால் 82-க்கும் 74-க்கும் இடையே ஒலியாற்றல் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே குறைகிறது. தெருவில் குடியிருப்போர் தரப்பில் இது நியாயமான வெற்றி. கார் ரசிகர்கள் சட்டத்தைக் குறைகூறும்போது, கேட்க விரும்பாதவரின் காதும் காதுதான் என்பதை விட்டுவிடுகின்றனர்.

இவ்விரு நெருக்குதலுக்கும் நடுவே 1998-இல் வெளிவந்த மூன்றாம் எம்5-ஐ இவ்வகைக் காரின் உச்சமாகப் பலர் மதிக்கின்றனர், அம்மதிப்பீட்டை மறுப்பது கடினம். 4.9 லிட்டர் வி8, 400 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எட்டு சிலிண்டருக்கும் எட்டுத் தனித் த்ராட்டில் கதவுகள். ஆறு கியர், அதுவும் கையால் மாற்றுவது மட்டுமே. சாதாரணமாக ஓட்டினால் லெக்ஸஸை நாணச் செய்யும் அமைதி, காலை ஊன்றினால் ஆழத்திலிருந்து எழும் வி8 முழக்கம் என்று, அமைதியையும் முழக்கத்தையும் ஒரே மிதியின் இரு முனைகளாக அது வைத்தது. டிங்கோல்ஃபிங் ஆலையில் 20,482 வண்டிகள் உருவாகின. ஆனால் வரவிருப்பதன் முதல் அடையாளமும் அதில்தான் தோன்றியது: த்ராட்டில் கதவுகளை இழுத்தது கம்பி அன்று, மின்கட்டளை, ‘ஸ்போர்ட்’ என்ற பொத்தானை அழுத்தினால் அதே மிதிக்குக் கதவு விரைந்து திறக்கும், ஸ்டீயரிங்கும் கனக்கும். காலும் கையும் எஞ்சினோடு நேரே பேசிய காலம் போய், இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்து அமர்ந்தார்.

2005-இல் வந்த நான்காம் எம்5 ஓர் அதீதம். ஃபார்முலா 1 பந்தயத்தில் அப்போது பத்து சிலிண்டர் எஞ்சின்களே ஓடின, பி.எம்.டபிள்யூ.வும் வில்லியம்ஸ் அணிக்கு அவற்றை வழங்கிவந்தது; அந்தப் புகழை விற்கும் பொருட்டு ஐந்து பேர் அமரும் செடான் காரில் 5 லிட்டர் வி10 எஞ்சினைப் பொருத்தினர். நிமிடத்துக்கு 7,750 சுற்றில் 507 குதிரைத்திறன், எல்லை 8,250 சுற்று. அந்த எல்லையில் சுற்றுக்கு ஐந்து எரிப்பு வீதம் கணக்கிட்டால் சுருதி நொடிக்கு ஏறத்தாழ 690 துடிப்பைத் தொடுகிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின் 6,000 சுற்றில் எழுப்பிய சுருதிக்கு இது இருமடங்குக்கும் மேல், அதாவது ஒரு முழு ஸ்தாயியைத் தாண்டியது. கார் கிளம்பும்போது 400 குதிரைத்திறன்தான் கிடைக்கும், மிச்சத்துக்குத் தனிப் பொத்தானை அழுத்த வேண்டும். கிளட்ச் மிதியை எடுத்துவிட்டு, ஏழு கியரைத் தானே இயந்திரக் கையால் மாற்றும் அமைப்பை வைத்தனர். நகர நெரிசலில் அது குலுங்கிய குலுக்கலைக் கண்டு வட அமெரிக்க வாடிக்கையாளர் கிளர்ந்தெழ, அவர்களுக்கென்று மட்டும் கையால் மாற்றும் கியர் பின்னர் தரப்பட்டது. எரிபொருளை அது குடித்த வேகமும் பெயர்பெற்றதே. இத்தகைய எஞ்சின் இவ்வகைக் காரில் மறுபடியும் வருவது கடினம் என்பதை அதை வாங்கியவர்களும் உணர்ந்திருக்கலாம்.

2011-இன் ஐந்தாம் எம்5-இல்தான் முறிவு. கரியமில வாயு வரம்புகள் இறுகிய சூழலில், 4.4 லிட்டர் வி8 எஞ்சினுக்கு இரண்டு டர்போக்களைச் சேர்த்து 560 குதிரைத்திறனும் 680 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் பெற்றனர். எண்களில் எல்லாம் ஏற்றம்; ஒலியில் இழப்பு. டர்போ என்பது வெளியேறும் வாயுவின் ஆற்றலால் சுழலும் சக்கரம்; வாயுத் துடிப்புகளின் முனைப்பை அது தின்றுவிட்டு மழுங்கிய பெருமூச்சையே சைலன்சருக்கு அனுப்புகிறது. உறிஞ்சும் பக்கத்திலும் காற்றழுத்திச் சக்கரம் குறுக்கே நின்று அலைகளை மறிக்கிறது. போதாதென்று, டர்போக்களுக்குத் துடிப்பு சீராகக் கிடைக்கவேண்டி, இரு பக்கச் சிலிண்டர்களின் வெளியேற்றக் குழாய்களையும் குறுக்கே பின்னி இணைத்திருந்தனர். வி8-க்கே உரிய ஒழுங்கற்ற குமுறல் அதனால் வேரோடு மறைந்தது. இத்தனைக்கும் மேல் தடித்த கண்ணாடியும் நுரைத் திணிப்பும் கூடிய புதிய உடல். ஓட்டுபவரின் காதுக்கு எஞ்சின் எட்டவே இல்லை.

தீர்வாக வந்தது செயற்கை ஒலியமைப்பு. எஞ்சினின் சுழற்சி வேகம், முறுக்குவிசை, காரின் வேகம் ஆகிய தரவுகளைக் காரின் தரவுக்கம்பி வழியே பெற்று, அவற்றுக்கு ஏற்ற எஞ்சின் ஒலியைக் கணினி தேர்ந்து, பாட்டுக் கேட்கும் ஒலிபெருக்கிகள் வழியே காருக்குள் கலக்கியது. மோசடி என்ற குரல் உடனே எழுந்தது. அக்குரல் பாதி சரி, பாதி தவறு. இயற்கையான எஞ்சின் ஒலி என்ற ஒன்று சொகுசுக் காரில் ஒருபோதும் இருந்ததில்லை. சைலன்சரின் அறைகளும் குழாய்களின் நீளமும் எந்தச் சுருதி பிழைக்க வேண்டும், எது சாக வேண்டும் என்று கணித்தே எப்போதும் அமைக்கப்பட்டன. 2000-களின் தொடக்கத்தில் பி.எம்.டபிள்யூ.வே தன் ஸீ4 காரில் உறிஞ்சுகுழாயின் ஒலியை ஒரு கிளைக்குழாய் வழியே ஓட்டுநர் பக்கம் கொண்டுவந்தது; வேகம் கூடும்போது திறந்து சத்தத்தை விடும் சைலன்சர் கதவுகளும் பரவலாயின, சோதனையில் அடங்கி சாலையில் அலறும் அத்தந்திரத்தைத் தடுக்கப் பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் 540/2014 எண் ஒழுங்குமுறையில் தனி விதியே எழுத வேண்டியதாயிற்று. ஆகவே ஒலி செய்யப்பட்டதா, தானாக வந்ததா என்பது முதன்மையான கேள்வி ஆகாது. அது என்ன சொல்கிறது என்பதே கேள்வி. குழாய் வழியே வந்த ஒலி அந்தக் கணத்தில் சிலிண்டருக்குள் நிகழ்ந்த எரிப்பின் நேர் விளைவு. ஒரு சிலிண்டர் தவறினால் அதுவும் கேட்கும். ஒலிபெருக்கியில் வருவதோ நலமாக ஓடும் எஞ்சினின் பதிவு: பழுது நேர்ந்தாலும் அது நலம் என்றே பாடும்.

கைக்கு வந்த தகவலும் இதே வழியில் தேய்ந்தது. நீரழுத்த ஸ்டீயரிங்கில் எஞ்சினின் பெல்ட்டால் ஓடும் பம்பு எண்ணெயை அழுத்தி முன்சக்கரங்களைத் திருப்ப உதவும். சாலையின் மேடுபள்ளமும் டயரின் பிடி தளர்வும் அதே இரும்புத் தண்டுகள் வழியே திரும்பி உள்ளங்கைக்கு வந்து சேரும். நேர்ச் சாலையில்கூடப் பம்பு வீணே ஓடுவதால் எரிபொருள் செலவாகிறது என்று 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின்மோட்டார் உதவும் ஸ்டீயரிங்குக்கு உலகமே மாறியது. சாதாரண 5 வரிசையும் மாறிற்று; ஆனால் 2011 எம்5-இல் மட்டும் நீரழுத்தத்தையே வைத்துக்கொண்டனர், மின்மோட்டாரின் மென்பொருள் எந்த அதிர்வைத் தொல்லை என்று வடிகட்டும், எதைச் செய்தி என்று விடும் என்பதில் அவர்களுக்கே நம்பிக்கை பிறக்கவில்லை போலும். 2017-இன் ஆறாம் தலைமுறையில் அதுவும் போயிற்று. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பும் தானியங்கிக் கியரும் மட்டுமே எஞ்சின. கையால் மாற்றும் கியரை எம்5 வரிசையில் கடைசியாக விரும்பிப் பெற்றவர்கள் ஐந்தாம் தலைமுறையின் வட அமெரிக்க வாடிக்கையாளர்களே. 

சிலிண்டர்களைக் குறைப்பதில் உள்ள ஆபத்தை மெர்சிடிஸ் தன் செலவில் உலகுக்குக் காட்டியது. 2007-இல் அதன் ஏ.எம்.ஜி. பிரிவின் சி63 செடான் டர்போ இல்லாத 6.2 லிட்டர் வி8 எஞ்சினோடு வந்து, அதன் குரலுக்காகவே வாங்கப்பட்டது; அடுத்த தலைமுறை 4 லிட்டர் டர்போ வி8. 2022-இல் அறிவித்த தலைமுறையிலோ 2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து 680 குதிரைத்திறன், 1,020 நியூட்டன் மீட்டர். எஞ்சின் மட்டுமே 476 குதிரைத்திறன் தரும். அந்த அளவு எஞ்சினில் அது பொறியியல் சாதனை. வாங்குவோர் முகம் சுளித்தனர். வேகத்தில் குறைகாண முடியாத காரைக் குரலுக்காக நிராகரித்த இந்நிகழ்வு, இவ்வகைக் காரில் எது விற்கப்பட்டுவந்தது என்பதை எந்த விளம்பரத்தையும்விடத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பி.எம்.டபிள்யூ. அதைக் கண்டோ தன் கணக்கிலோ, 2024-இன் ஏழாம் எம்5-இல் எட்டு சிலிண்டரையும் விடாமல் மின்மோட்டாரையும் சேர்த்து 727 குதிரைத்திறன் என்றது. விலையாக எடை சுமார் 2,400 கிலோகிராமைத் தொட்டது, முதல் எம்5-ஐவிட ஏறத்தாழ ஒரு டன் கூடுதல். மின்சாரத்தில் மட்டும் ஓடும்போது அந்த எட்டு சிலிண்டர்களும் வாய்மூடிக் கிடக்கின்றன.

எஞ்சினே இல்லாத காரில் இக்கேள்வி தலைகீழாகிறது. மெதுவாக வரும் மின்காரின் அரவம் நடந்து செல்வோருக்குக் கேட்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலை முதல் புதிய வகைகளுக்கும், 2021 முதல் எல்லாப் புதிய மின்கார்களுக்கும் மணிக்கு 20 கிலோமீட்டர் வரை செயற்கை ஒலியைக் கட்டாயமாக்கியது. அரை நூற்றாண்டாக அடக்கச் சொன்ன சட்டம் இப்போது ஒலிக்கச் சொல்கிறது. உள்ளே கேட்கும் ஒலிக்காக பி.எம்.டபிள்யூ. திரைப்பட இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரை அழைத்தது. அவரும் நிறுவனத்தின் ஒலி வடிவமைப்பாளர் ரென்சோ விட்டாலேவும் சேர்ந்து, 2021-இல் வந்த ஐ4 மின்காருக்கென எஞ்சினைப் போலி செய்யாத, விண்கலக் கதைப்படத்தின் பின்னணியை ஒத்த ஒலிகளை அமைத்தனர். இசையாக அது குறைபாடற்றது. எனினும் பாரத்தை அறிவிக்கும் கடமை அதற்கு இல்லை, பின்னணி இசை காட்சியோடு ஓடுவதைப் போலக் காரோடு ஓடுகிறது.

எதிர்வழியைத் தேர்ந்தது சொகுசு மரபுக்கு வெளியே நின்ற கொரியாவின் ஹூண்டாய். 2023-இன் ஐயோனிக் 5 என், பின்னர் 2025-இல் காட்டிய ஐயோனிக் 6 என் என்ற செடான் ஆகிய மின்கார்களில், இல்லாத எட்டு கியர்களை மென்பொருளால் உண்டாக்கி, ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் மோட்டாரின் விசையை ஒரு கணம் வெட்டிக் குலுக்கி, பெட்ரோல் எஞ்சினின் ஒலியை அதனோடு இணைத்தனர். இதில் கவனத்துக்குரியது ஒலியின் தரம் அன்று, அதற்கு இட்ட வேலி: போலிச் சுழற்சி முள் எல்லையைத் தொட்ட பின்னும் ஓட்டுபவர் கியரை ஏற்றாவிட்டால் கார் மேலும் விரைவதில்லை. மோட்டாருக்கு அந்த இடத்தில் அத்தகைய எல்லை எதுவும் கிடையாது. ஆனால் அந்த வேலி இருப்பதால் காது கேட்டதைக் கை பின்பற்ற வேண்டியிருக்கிறது. ஒலிபெருக்கியில் வரும் சத்தத்தைப் புறக்கணித்தால் தண்டனை உண்டு. 1985-இன் ஆறு சிலிண்டர் எஞ்சின் இலவசமாகத் தந்த ஒன்றை மீண்டும் பெற, பந்தயத்தடத்தில் நேரத்தை இழக்கவும் பொறியாளர்கள் உடன்பட்டிருக்கின்றனர்; விரும்பாதவர் ஒரு பொத்தானில் அதை அணைத்துவிடவும் வழி வைத்திருக்கின்றனர்.